உருளியில் இறங்கிய சூடு

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் கத்திரி வெயில் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே கோவில்பட்டிச் சுவர்களில் நீல நிற நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இமயத்துப் பனிக்குகையில் பன்னிரண்டு ஆண்டுகள் தவமிருந்த ஸ்ரீலஸ்ரீ சீதளானந்த சுவாமிகள் நம் நகருக்கு எழுந்தருளுகிறார். உடல் சூடு, பித்தம், சர்க்கரை, மூலம், முடி உதிர்தல், கோர்ட்டு வழக்கு ஆகிய அனைத்தும் இறக்கப்படும் என்று அதில் அச்சடித்திருந்தது. கோர்ட்டு வழக்கு எப்படி உடம்புச் சூட்டோடு சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் பனியில் சுகமாக இருந்த மனிதர் எதற்காக மே மாதம் பார்த்துக் கோவில்பட்டிக்கு வருகிறார் என்றும் கேட்கவில்லை. நோட்டீஸ் வழவழப்பான தாளில் இருந்தது. நம்புவதற்கு அது போதும்.

எட்டயபுரம் சாலையில் இருந்த பழைய தீப்பெட்டிக் குடோனில்தான் சாமி இறங்கினார். மூன்றாம் நாளிலிருந்து மினி பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். "சீதள சாமியெல்லாம் எறங்கு" என்று அவர்கள் கத்த, பாதி பஸ் இறங்கியது. ஓட்டப்பிடாரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். உச்சி வெயிலில், தார் உருகும் சாலையில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். எதற்கு? உடம்புச் சூட்டைக் குறைப்பதற்கு.

அந்தக் குடோன் லிங்கராஜுடையது. அறுபது பெண்கள் வேலை செய்யும் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றும் அதே சாலையில் அவருக்கு இருந்தது. வயது ஐம்பத்திரண்டு. தங்கமான மனிதர், யார் என்ன சொன்னாலும் நம்புவார். டாக்டர் சொன்னால் மட்டும் நம்பமாட்டார். சித்திரை பிறந்ததும் அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். இனிப்பை விடவேண்டும். கம்பு, கேழ்வரகு, கீரை, வெள்ளரி, மோர் என்று வயிற்றுக்கு இதமாகச் சாப்பிட வேண்டும். வெயில் காலமாதலால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கூடவே தினம் இரண்டு மாத்திரை. வைத்தியம் இவ்வளவுதான். அதில் ஒரே ஒரு குறை. அதை லிங்கராஜே செய்ய வேண்டியிருந்தது.

மூன்று நாள் நடந்தார். நான்காம் நாள் அம்பாசிடரில் ஏறி மைதானத்தை மூன்று சுற்று மெதுவாகச் சுற்றி வந்தார். ஐந்தாம் நாள் நீல நோட்டீஸைப் பார்த்தார். அன்றைக்கே குடோன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

சாமியின் உபதேசம் லிங்கராஜுக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

"இந்த உடம்பு ஓர் அடுப்பு" என்றார் சாமி. மேடையில் அவருக்கு இரண்டு பக்கமும் மேசை விசிறி ஓடியது. விசிறிகளுக்கு முன்னால் தாம்பாளத்தில் ஐஸ் கட்டி. அத்தனை வெக்கையிலும் சாமிக்கு வேர்க்கவில்லை என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "நடந்தால் அடுப்பை ஊதுகிறோம். பகலில் தண்ணீர் குடித்தால் அடுப்பில் தண்ணீரைக் கொட்டுகிறோம். புகை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். கூழ் என்பது புளித்த நெருப்பு. வெள்ளரிக்காய் பொய்க் குளிர்ச்சி. சூரியன் இருக்கும்வரை அசையாமல் படுத்திருங்கள். மூன்று வேளை நமது சீதள லேகியத்தை நாவில் தடவுங்கள். மீதியை உருளி பார்த்துக்கொள்ளும்."

லேகியம் என்பது கருப்பட்டிப் பாகில் நெய்யையும் பச்சைக் கற்பூரத்தையும் போட்டுக் கிண்டியது. இனிப்பை விடு என்றார் டாக்டர். மூன்று வேளை நக்கு என்றார் சாமி. நட என்றார் டாக்டர்; படு என்றார் சாமி. இருவரில் யார் மகான் என்பதில் லிங்கராஜுக்குச் சந்தேகமே வரவில்லை.

சூடு இறக்கும் சடங்கில் முதல் ஆளாக அவர்தான் உட்கார்ந்தார். எதிரே அகலமான பித்தளை உருளி. அடியில் வேப்பிலை கனமாகப் பரப்பியிருந்தது. சாமியின் சீடன் நந்தகோபால் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, முன்வரிசையில் நாலு பேர் உள்ளங்கையில் ஊற்றினான்.

"குளுந்த தண்ணிதானே? நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"குளுந்த தண்ணிதான்" என்று நாலு பேரும் சாட்சி சொன்னார்கள்.

அந்தத் தண்ணீரை உருளியில் ஊற்றினான். லிங்கராஜ் இரண்டு கையையும் வேப்பிலை மேல் வைத்தார். சாமி ஒரு சிட்டிகை சீதளப் பொடியைத் தூவிவிட்டுக் கண்களை இறுக மூடி மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். நந்தகோபால் காது கிழியும்படி மணியடித்தான். இரண்டு நிமிஷம் போனது. தண்ணீர் வெதுவெதுத்தது. பிறகு சுட்டது. பாலாகக் கலங்கியது. பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது.

கூட்டம் எழுந்து நின்றது.

"பித்தம்" என்றார் சாமி கண்ணைத் திறக்காமல். "ஐம்பத்திரண்டு வருஷத்துப் பித்தம். அண்மையில் எங்காவது நடந்தாயா?"

"மூணு நாள் நடந்தேன் சாமி" என்றார் லிங்கராஜ் குற்றவாளியைப் போல.

"அந்த மூன்று நாள்தான் இந்தச் சிவப்பு."

லிங்கராஜுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தான் சோம்பேறி இல்லை, ஞானி என்று இத்தனை பேர் முன்னிலையில் ஒருவர் எடுத்துச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஞானத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆளில்லை அவர். மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் இருந்த இரண்டு தண்ணீர்ப் பானையையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார். சூரியன் இறங்கும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது, எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்றார். ஆபீஸுக்குத் தகரக் கூரை. மே மாதத்தில் அதற்குக் கீழே உட்கார்ந்து கட்டை என்னும் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிறவர்களுக்கு நன்மை எது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர் ஏற்கனவே சாமியிடம் போய் வந்தவர்கள். மீதிப் பேர் முதலாளியிடம் வேலை பார்க்கிறவர்கள்.

ஆபீஸ் வாசலில் சொர்ணத்தாய் தள்ளுவண்டியில் கூழ் விற்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்மங்கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயம், வெள்ளரிக்காய். எட்டு வருஷமாக அதே வேப்பமரத்து நிழல். சாமி வந்த பிறகு அவள் வண்டிப் பக்கம் ஈதான் வந்தது. பானையை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் லிங்கராஜைக் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, பானைய எடுத்துட்டுப் போறாவ?"

"சாமி சொல்லியிருக்காவ. பகல்ல தண்ணி குடிச்சா சூடு உள்ளயே அடைச்சுக்கிடுமாம்."

"அப்போ சாமியும் குடிக்க மாட்டாவளோ?"

"அவிய இமயத்துல இருந்தவியல்லா. அவியளுக்கு எதுக்குத் தண்ணி?"

"நேத்து மத்தியானம் அந்த நந்தகோபாலு எங்கிட்ட ரெண்டு செம்பு மோரு வாங்கிட்டுப் போனாரு. உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னாரு."

லிங்கராஜ் கொஞ்சம் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாததால் சீக்கிரம் களைத்துவிட்டார்.

"பூசைக்கா இருக்கும்" என்றார்.

"உப்புப் போட்டா பூச பண்ணுதாவ?"

"ஒனக்கு யாவாரம் படுத்துட்டுன்னு வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு லிங்கராஜ் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பானையைப் பூட்டிய ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அமுதவள்ளி விழுந்தாள். இருபத்துநாலு வயசுப் பெண், கைவேகத்தில் அந்த ஆபீஸில் அவளுக்கு இணை கிடையாது. அடுக்கிக்கொண்டிருந்த கட்டை மேலேயே சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. சுற்றி நின்ற பெண்கள் சாமியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். ஒருத்தி லேகிய டப்பாவைத் திறந்தாள்.

சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தவள் சொர்ணத்தாய். "ஏட்டி, வாயில ஒண்ணும் வைக்காதீங்க, நெனவில்லாதவளுக்குப் பொரையேறும். தள்ளுங்க" என்றாள். அவளும் இன்னும் மூன்று பேருமாக அமுதவள்ளியை வேப்பமர நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். வண்டிக் குடத்துத் தண்ணீரை அப்படியே அவள் தலையில், கழுத்தில், மார்பில் ஊற்றினாள். முந்தானையை நனைத்து விசிறினாள். லிங்கராஜ் தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். அதன் பிறகுதான் சொர்ணத்தாய் உப்புப் போட்ட மோரை வாய் வாயாகக் கொடுத்தாள். பிறகு அம்பாசிடர், ஆஸ்பத்திரி, கையில் குளுக்கோஸ்.

"கடைசியா எப்போம்மா தண்ணி குடிச்சே?" என்று கேட்டார் டாக்டரம்மா. அமுதவள்ளி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா லிங்கராஜைப் பார்த்தார். அவர் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணி நேரம் அப்படியே கெடந்திருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. யாரு தண்ணி ஊத்துனாங்களோ அவுங்களுக்கு நன்றி சொல்லுங்க."

டாக்டரம்மா போனதும் லிங்கராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அமுதவள்ளி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தவள் மாதிரி சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மொதலாளி, ஏசாதீங்க. தப்பு எம்மேலதான்."

"என்ன தப்பு?"

"காலைல ஒண்ணுக்குப் போற சாக்குல கொழாயடியில ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டேன். தாங்க முடியல. அதான் சாமி அடிச்சிட்டு. இனிமே செய்ய மாட்டேன் மொதலாளி. சாமிகிட்டச் சொல்லீராதீங்க."

லிங்கராஜ் எழுந்து வெளியே வந்தார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டத்தட்ட உயிரை விட்டவள், குடித்த ஒரு வாய்த் தண்ணீருக்காகத் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பூட்டிய பானைச் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அது உள்ளே கிடந்து அவரைச் சுட்டது. இந்தச் சூட்டை எந்த உருளியில் இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நேராக ஆபீஸுக்குப் போய்ப் பானைகளை எடுத்து அவரே வாசலில் வைத்தார். ஆனாலும் சாமி பொய் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை. கையைத் தண்ணீரில் வைத்ததும் சுட்டதை, சிவந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாரே. சாமியின் சொல்லைத் தான்தான் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று நினைத்தார். நம்பிக்கை என்பது சேறு மாதிரி. ஒரு காலை உருவினால் இன்னொரு கால் உள்ளே போகும்.

அந்த இன்னொரு காலையும் உருவியவள் அவர் மனைவி பேபி. சாமி, சடங்கு எதற்கும் போகாதவள். போகாததற்குக் கொள்கை ஒன்றும் இல்லை. வீட்டு வேலை சரியாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் துவைக்க எடுத்த வேட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரீக? எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"கல்யாணமா? எங்கன?"

"வேட்டி முழுக்க ஆரத்தித் தண்ணியாக் கெடக்கே. இந்தச் செவப்பு லேசுல போவுமா?"

லிங்கராஜ் அந்தக் கறையைப் பார்த்தார். நேற்று மறுபடியும் சடங்கில் உட்கார்ந்தபோது உருளியிலிருந்து தெறித்த பித்தம் அது. அவருடைய சொந்தப் பித்தம்.

"ஆரத்தித் தண்ணி எப்படிச் செய்யுதாவ?" என்று கேட்டார் மெதுவாக.

பேபி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, வீடு பால் காய்ச்சியதற்கு என்று அவர் எதிரிலேயே எத்தனை தட்டு சுற்றியிருக்கிறாள். "மஞ்சப்பொடியக் கரைச்சுத் துளி சுண்ணாம்பு போடணும். வேற என்னத்தப் போடுவாவ? பச்சப்புள்ளைக்கும் தெரியுமே."

பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இத்தனை நாளாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டில் கலந்தால் ஆரத்தி. மேடையில் கலந்தால் பித்தம்.

அடுத்த நாள் விடிந்ததும் லிங்கராஜ் அம்பாசிடரை எடுக்காமல் ஆபீஸ் வாசலுக்கு நடந்தே போனார். சொர்ணத்தாய் அப்போதுதான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு செம்பு கூழ் கேட்டார். ஏனென்று அவள் கேட்கவில்லை, கரைத்து நீட்டினாள். வாங்க நீண்ட கையைப் பார்த்ததும் செம்பைக் கொடுக்காமல் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, கையத் திருப்புங்க."

உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. விரலிடுக்குகளில் வெடிப்பு.

"பழைய சூட்டுத் தோலு உரியுதுன்னு சாமி சொன்னாவ" என்றார் லிங்கராஜ். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இது சுண்ணாம்பு அரிச்ச கைல்லா." அவள் தன் கையைத் திருப்பிக் காட்டினாள். பழைய வெள்ளைத் தழும்புகள். "கல்யாணமாகிப் பத்து வருசம் அவுகளும் நானும் ஊரு ஊராப் போய் வெள்ளையடிச்சோம். சுட்ட சுண்ணாம்புக்கல்லத் தொட்டியில போட்டுத் தண்ணிய ஊத்தி நீத்துவோம். ஊத்துன ரெண்டு நிமிசத்துல சோத்துப் பான மாதிரி கொதிக்கும். முட்டையப் போட்டா வெந்துரும். அந்த உருளில வேப்பெலைக்குக் கீழ என்ன இருக்கு, என்னைக்காவது பாத்தியளா?"

"இல்ல."

"நீங்க மட்டுமா பாக்கல."

லிங்கராஜ் கூழைக் குடித்து முடித்தார். சாமியை உடனே குடோனை விட்டுத் துரத்திவிடலாம் என்றார். சொர்ணத்தாய் வேண்டாம் என்றாள்.

"தொரத்துனா நாளைக்கு எட்டயபுரத்துல கடையப் போடுவாரு. நம்ம சொன்னா எவளும் நம்ப மாட்டா. நான் சொன்னா யாவாரம் படுத்ததுக்கு வயித்தெரிச்சல்னு சொல்லுவாவ." முன்பு அதைச் சொன்ன லிங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த அமுதவள்ளி இன்னும் சாமி அடிச்சிட்டாருன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கா. அவ கண்ணால பாக்கணும்."

வெள்ளிக்கிழமை மகா சூடு இறக்கம். குடோன் கொள்ளாமல் கூட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அமுதவள்ளி பரிகாரம் செய்யும் நினைப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். லிங்கராஜ் சொர்ணத்தாயோடு மேடையேறிக் கும்பிட்டார்.

"சாமி, எனக்கு முந்தி இந்தப் பொம்பளைக்கு எறக்கணும். கூழு வித்தவ. மனசு மாறி வந்துருக்கா."

சாமிக்கு உச்சி குளிர்ந்தது. "கூழ் விற்றவளே திருந்தி வந்துவிட்டாள், பாருங்கள்" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். நந்தகோபால் வழக்கம்போலத் தண்ணீரைச் சாட்சிக்குக் காட்டி உருளியில் ஊற்றினான். அவன் மணியை எடுக்கப் போனபோது லிங்கராஜ் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"வாசல்ல ஐஸ் வண்டி வந்துருக்கு. நீங்க போயி எறக்குங்க, மணிய நான் அடிக்கேன்."

சாமி பொடியைத் தூவிக் கண்களை மூடினார். மந்திரம் கிளம்பியது. லிங்கராஜ் மணியை ஓங்கி அடித்தார். சொர்ணத்தாய் முந்தானைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்தாள். கையில் முழம் நீளத்துக்கு ஒரு வெள்ளரிக்காய். அதை வேப்பிலை மேல் படுக்க வைத்தாள். தன் இரண்டு கைகளையும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். சிரிப்பு பின்னால் பரவியது. லிங்கராஜ் மணியடித்தபடியே ஒரு விரலை உதட்டில் வைத்தார். முதலாளி சொன்னால் சிரிப்பையும் அடக்குகிற ஊர், அடக்கினார்கள்.

தண்ணீர் கலங்கியது. ஆவி எழுந்தது. சிவந்தது.

"ஆகா" என்றார் சாமி, கண் மூடியபடி. "எட்டு வருஷத்துக் கூழின் சூடு எப்படி இறங்குகிறது பாருங்கள். இந்த உடம்புக்கு மூட்டு வலி உண்டு. இடுப்பு வலி உண்டு. இரவில் தூக்கம் இல்லை. பெற்ற பிள்ளைகளால் மனக்கஷ்டம் உண்டு. கொஞ்சம் பொறுமை, இதோ எல்லாம் கரைகிறது."

வெள்ளரிக்காய் பொறுமையாகப் படுத்திருந்தது.

"இப்போது கை எப்படி இருக்கிறது தாயே?"

"கை நல்லாருக்கு சாமி" என்றாள் சொர்ணத்தாய். "காய்தான் வெந்துருச்சு."

குடோன் கூரை அதிரச் சிரித்தது கூட்டம். சாமி கண்ணைத் திறந்தார். உருளியைப் பார்த்தார். வெள்ளரிக்காயைப் பார்த்தார். அந்த நேரத்தில் வேறு யாராயிருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். சாமி தேர்ந்த ஆள், ஓடவில்லை.

"காய்க்கும் உயிர் உண்டு" என்றார் கம்பீரமாக. "உயிர் இருந்தால் சூடும் உண்டு. வெள்ளரி பொய்க் குளிர்ச்சி என்று நான் சொன்னேனா இல்லையா? இதோ கண்முன்னே நிரூபணம்."

சிரிப்பு நின்றது. "அதுஞ் சரிதானே" என்றார் ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர். "வெள்ளரிக்காய்க்கே இம்புட்டுப் பித்தம்னா நமக்கு எம்புட்டு இருக்கும்?" நாலைந்து தலைகள் ஆடின. இரண்டு பேர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்கள். லிங்கராஜ் மணியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தார்.

சொர்ணத்தாய் எழுந்து, அடுத்த ஆளுக்காகத் தயாராக வைத்திருந்த இன்னொரு உருளியை இழுத்து மேடை விளிம்பில் வைத்தாள்.

"சரி சாமி. காயிலயும் சூடு இருக்கட்டும். இப்போ கையும் வேண்டாம், காயும் வேண்டாம். மந்திரமும் வேண்டாம், மணியும் வேண்டாம். அண்ணாச்சி, தண்ணிய ஊத்திட்டு இங்கன வந்து நில்லுங்க. சும்மா பாத்துக்கிட்டு இருப்போம்."

லிங்கராஜ் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே இறங்கி நின்றார். மணிச் சத்தம் இல்லாத குடோனில் முதல்முறையாக அந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல உருளி சொய்யென்று இரைந்தது. வேப்பிலை தானாக அசைந்தது. ஆவி பறந்தது.

"ஏலே நந்தகோபாலு" என்று கத்தினார் சாமி. "எங்கலே போயித் தொலைஞ்சே? வந்து உருளியத் தூக்குலே."

பன்னிரண்டு வருஷத்து இமயம் ஒரே நொடியில் உருகி ஓடிவிட்டது. இது பக்கத்துத் தாலுகாப் பேச்சு என்று கூட்டத்துக்குப் புரிந்துபோயிற்று. சொர்ணத்தாய் ஒரு குச்சியால் வேப்பிலையை விலக்கி, அடியில் இருந்த துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினாள். துணி வழியாக வெள்ளை வெள்ளையாகக் கொதித்து வழிந்தது.

"சுண்ணாம்புக்கல்லு" என்றாள். "பொங்கலுக்கு நம்ம வீட்டுச் சொவத்துல அடிக்கது. அந்தச் சீதளப் பொடி மஞ்சப்பொடி. ரெண்டும் சேந்தா என்னன்னு ஆரத்தி சுத்துன பொம்பளையெல்லாம் சொல்லுங்க."

முன்வரிசைப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஓரத்திலிருந்து அமுதவள்ளி எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மூட்டையைக் கிட்டே நின்று பார்த்தாள். அவள் குரல் மெலிதாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

"அப்போ நான் தண்ணி குடிச்சது குத்தமில்லையா?"

சாமி வாசலைப் பார்த்தார். பதிலை லிங்கராஜ் சொன்னார். "இல்லம்மா. பானையப் பூட்டுனவன் பேர்லதான் குத்தம். அது நான்தான்." அறுபது தொழிலாளிகளும் ஊரும் பார்க்க அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்ததும் அங்கே எல்லாருக்கும் தாகம் எடுத்துவிட்டது. சாட்சிக்கு வைத்திருந்த பானை ஒரு நிமிஷத்தில் காலி.

லிங்கராஜ் ஆள்விட்டு அழைத்த போலீஸ் ஜீப்பில் சாமியும் சீடனும் ஏறினார்கள். ஜீப்பில் விசிறி இல்லை. சாமிக்கு நன்றாகவே வேர்த்தது. மறுநாள் டீக்கடையில் விசாரித்தால், முதல் நாளே எனக்குச் சந்தேகம் என்று சொல்லாத ஆள் ஒருவரும் இல்லை. சந்தேகப்பட்டவர்கள் இத்தனை பேர் இருந்தும் வரிசை மட்டும் எப்படி அவ்வளவு நீளமாக இருந்தது என்பதுதான் விளங்கவில்லை. சாமி நல்லவர்தான், உருளிதான் சரியில்லை என்று இரண்டு பேர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபீஸ் வாசலில் இப்போது நாலு பானை. பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் கை வேலையை வைத்துவிட்டு நிழலுக்கு வந்து ஆளுக்கொரு செம்பு கூழோ மோரோ குடிக்க வேண்டும் என்று லிங்கராஜ் சட்டம் போட்டிருக்கிறார். விலையை ஆபீஸ் கொடுத்துவிடும். அவருக்குக் கை ஆறிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார். முதல் வாரம் மூச்சு வாங்கியது. இரண்டாம் மாதம் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்.

அப்படி ஒரு காலையில் நடந்துகொண்டிருந்தபோது பஜாரில் கடை வைத்திருக்கும் இசக்கிதுரை சைக்கிளில் அவரை ஒட்டி வந்து நிறுத்தினார்.

"அண்ணாச்சி, எட்டயபுரத்துல ஒரு சாமி வந்துருக்காவளாம். எலுமிச்சம்பழத்தத் தலையில வச்சுச் சர்க்கரைய எறக்குதாவளாம். சக்தி வாய்ந்த சாமின்னு சொல்லுதாவ. கார எடுங்க, ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்."

"போவோமே" என்றார் லிங்கராஜ். "காரு வேண்டாம். சைக்கிள அந்தக் கடையில நிறுத்திட்டு வாரும், நடந்தே போவோம். பாதி வழி போறதுக்குள்ள சர்க்கரை எறங்கிரும். அப்புறம் சாமியப் பாக்கணுமா வேண்டாமான்னு அங்கன வச்சு யோசிப்போம்."

இசக்கிதுரை ஒரு காலை ஊன்றி நின்றபடியே யோசித்தார். யோசிப்பதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டாம், காணிக்கை வைக்க வேண்டாம், வெயிலில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால்தானோ என்னவோ, நம் ஊரில் அதற்கு மட்டும் இன்னும் கூட்டம் சேரவில்லை.